ஸபாவின் வாயிலில் ரோமர் படை

ஸபா என்னும் பெயர் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. நபி சுலைமான் (அலை) அவர்களின் அவைக்கு வந்த அரசியின் நாடு அது. திருமறையின் 34ஆம் அத்தியாயம் அந்நாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. இருபுறமும் சோலைகள் சூழ வாழ்ந்த மக்கள் நன்றி மறந்ததும், அணை உடைந்து வெள்ளம் பாய்ந்ததும் மக்தபில் ஓதும் சிறுவரும் அறிந்த வரலாறு. ஆனால், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன், அந்த ஸபாவின் வாயில் வரை ரோமப் பேரரசின் படை ஒன்று வந்து நின்றது என்பதை அறிந்தோர் நம்மில் சிலரே. ஆறு நாட்கள் ஒரு நகரை முற்றுகையிட்ட அப்படை, குடிநீரின்றித் திரும்பிச் சென்றது. கி.மு. 26க்கும் 24க்கும் இடையே நிகழ்ந்த இப்படையெடுப்பே, ரோமரின் போர்ப்படை அரபுத் தீபகற்பத்தின் தென்கோடியை நோக்கிச் சென்ற பெரும் முயற்சியாகும்.

அது ஏன் தோற்றது? இக்கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே விடைதான் பெரும்பாலும் சொல்லப்பட்டு வருகிறது: வழிகாட்டியாகச் சென்ற ஸில்லையஸ் என்னும் அரபி வஞ்சித்துவிட்டான் என்பதே அவ்விடை. நூலிலிருந்து நூலுக்கு இச்செய்தி பெயர்ந்து வந்திருக்கிறது. முதன்முதலில் இதைச் சொன்னவர் யார், எந்நிலையில் நின்று சொன்னார் என்று கேட்டவர்கள் குறைவு. மதரஸாவில் ஹதீஸ் பாடம் தொடங்கும்போது மாணவர்களுக்கு நாம் முதலில் கற்பிப்பது, செய்தியைப் பார்க்கும் முன் செய்தி சொன்னவரைப் பார் என்பதுதான். அதே முறையை இந்த ரோமச் செய்திக்கும் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேரரசின் ஆசை

கி.மு. 30இல் எகிப்து ரோமர் கைக்கு வந்தது. அதன் வழியாகச் செங்கடலும் அவர்கள் கண்ணில் பட்டது. யமன் நாட்டின் குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் ரோமரின் கோயில்களில் புகையாக எழுந்தன. அவர்கள் பிணங்களை எரிக்கும்போதும் அவையே மணந்தன. அம்மணப்பொருள்கள் ஒட்டகக் காபிலாக்களில் ஏறி, நஜ்ரான் வழியே வடக்கு நோக்கி நபத்தீய அரபிகளின் தலைநகரான பெத்ராவை அடைந்து, அங்கிருந்து மத்தியதரைக் கடற்கரைக்குச் சென்றன. நம் தென்னாட்டு மிளகு முதலிய சரக்குகளிலும் ஒரு பகுதி தென்னரபுத் துறைமுகங்களில் இறங்கிக் கைமாறியே மேற்கே போயிற்று. வழியெங்கும் சுங்கம், கைமாறும் இடமெல்லாம் இலாபம். இறுதியில் விலை கொடுப்பவன் ரோமன்.

அக்காலத்துப் புவியியல் அறிஞரான ஸ்ட்ராபோ, பேரரசர் அகஸ்டஸின் எண்ணத்தை மறைக்காமலே எழுதியுள்ளார். அரபிகள் தம் பொருள்களைப் பொன்னுக்கும் வெள்ளிக்கும் விற்கிறார்கள். வாங்கிய செல்வத்தை வெளியார்க்குச் செலவிடுவதில்லை. ஆகவே அவர்களைச் செல்வமுடைய நண்பர்களாக்கிக் கொள்ளலாம். இன்றேல் செல்வமுடைய பகைவர்களாக வென்றுவிடலாம் என்பது அகஸ்டஸின் கணக்கு. அரபிகள் அவருக்கு எந்தத் தீங்கும் செய்ததாக ஸ்ட்ராபோ சொல்லவில்லை. படையெடுப்புக்குக் காரணம் ஆசை ஒன்றே.

எகிப்தின் ஆளுநர் ஈலியஸ் காலஸ் படைத்தலைவராக நியமிக்கப்பட்டார். நபத்தீய அரசர் உபாதா ரோமரின் நண்பர். அவர் ஆட்சிக் காரியங்களில் அக்கறையற்றவர் என்றும், எல்லாம் அவருடைய அமைச்சர் ஸில்லையஸின் கையில் இருந்தது என்றும் ஸ்ட்ராபோ எழுதுகிறார். ஷுல்லை என்பது நபத்தீய மொழியில் அந்த அமைச்சரின் பெயர். வழிகாட்டவும் உணவுதவவும் அவர் உறுதியளித்தார்.

கடலில் தொடங்கிய பிழை

காலஸ் செய்த முதல் வேலை, சூயஸை அடுத்த கிளியோபாத்ரிஸ் என்னும் இடத்தில் 80க்குக் குறையாத போர்க்கப்பல்களைக் கட்டியது. எதிரே கடற்படை எதுவும் இல்லை. அரபிகள் வணிகர்களேயன்றிக் கடற்போர் புரிபவர்களும் அல்லர். இதனை உணர்ந்த பின்னர் 130 சரக்குக் கப்பல்களைப் புதிதாகக் கட்டி, சுமார் 10,000 காலாட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அவர்களுள் யூத அரசர் ஹெரோது அனுப்பிய 500 பேரும், ஸில்லையஸின் தலைமையில் 1,000 நபத்தீயரும் இருந்தனர்.

பவளப் பாறைகள் நிறைந்த அக்கடலில் 15ஆம் நாள் அவர்கள் நபத்தீயத் துறைமுகமான லியூகே கோமேயை அடைந்தபோது பல கப்பல்கள் அழிந்திருந்தன. சில கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின. பகைவர் ஒருவரும் குறுக்கிடவில்லை. இறங்கிய இடத்திலோ நோய் காத்திருந்தது. வாயில் புண்ணும் கால்களில் முடக்கமும் வீரர்களை வாட்டின. இந்நாளில் நாம் ஸ்கர்வி என்று சொல்லும் நோயை அவை ஒத்திருக்கின்றன. அவ்வூர் நீரும் கீரையுமே காரணம் என்று ஸ்ட்ராபோ கருதினார். நோயாளிகள் தேறுவதற்காகக் கோடையும் குளிர்காலமும் அங்கேயே கழிந்தன.

மணலில் நடந்த மாதங்கள்

பின்னர்ப் படை ஒட்டகங்களில் தண்ணீரைச் சுமந்துகொண்டு தெற்கே நடந்தது. உபாதாவின் உறவினரான ஹாரிஸா என்பவரின் நாட்டைக் கடக்க 30 நாட்கள் ஆயின. அவர் அன்போடு வரவேற்றார். ஆயினும் அங்கே கிடைத்தது முரட்டுத் தானியமும் சில பேரீச்ச மரங்களும், எண்ணெய்க்குப் பதிலாக வெண்ணெயும்தாம். அடுத்து நாடோடிகளின் பாலை. அதில் பாதையின்றி 50 நாட்கள். அதன்பின் நஜ்ரான் வந்தது. பிற்காலத்தில் மதீனா மஸ்ஜிதுக்குக் கிறிஸ்தவத் தூதுக்குழுவை அனுப்பிய அதே நஜ்ரான்தான். அதன் அரசன் ஓடிவிட, முதல் தாக்குதலிலேயே ஊர் வீழ்ந்தது.

ஆறு நாட்கள் கழித்து ஓர் ஆற்றங்கரையில் போர் நடந்தது. வில், ஈட்டி, வாள், கவண் ஆகியவற்றோடு பெரும்பாலும் இருமுனைக் கோடரிகளை ஏந்தி வந்த அரபிகளில் சுமார் 10,000 பேர் மாண்டனர் என்றும், ரோமரில் இருவரே இறந்தனர் என்றும் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அடுத்து அஸ்கா, அத்ரூலா என்னும் நகரங்கள் பிடிபட்டன. அத்ரூலாவில் காவற்படையை நிறுத்தித் தானியமும் பேரீச்சம்பழமும் சேகரித்துக்கொண்டு, இறுதியாக மர்ஸியபா என்னும் நகரின் மதிலை அடைந்தனர். இது ஸபாவின் தலைநகரான மஅரிபே என்பது அறிஞர் பலரின் முடிவு. ஆறு நாட்கள் முற்றுகையிட்டும் பயனில்லை, தண்ணீர் தீர்ந்துவிட்டது. மணப்பொருள் விளையும் நாடு இன்னும் இரண்டே நாள் தொலைவில் இருப்பதாகக் கைதிகள் சொல்லக் கேட்டபின் காலஸ் திரும்பினார்.

போகும்போது ஆறு மாதம் பிடித்த வழி, திரும்பும்போது 60 நாட்களில் முடிந்தது. எக்ரா என்னும் ஊரின் துறையில் கப்பலேறி, 11 நாட்களில் எகிப்தின் கரையை அடைந்து, உயிரோடு எஞ்சியவர்களைக் காலஸ் அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

மூன்று வாக்குமூலங்கள்

இந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றி மூன்று விதமான கூற்றுகள் நம்மிடம் உள்ளன.

முதலாவது, பேரரசரின் கூற்று. அகஸ்டஸ் தம் வாழ்நாட் சாதனைகளைத் தாமே எழுதி வைத்தார். இன்றைய துருக்கியின் அங்காரா நகரில் ஒரு பழைய கோயிற்சுவரில் அதன் பிரதி பொறிக்கப்பட்டுள்ளது. தம் ஆணையால் எத்தியோப்பியாவுக்கும் அரேபியாவுக்கும் படைகள் சென்றன, பகைவர் பெருந்தொகையினர் மாண்டனர், பல ஊர்கள் பிடிபட்டன, அரேபியாவில் படை ஸபா நாட்டின் மரிபா வரை முன்னேறிற்று என்பது அதில் காணும் செய்தி. தாகமும் இல்லை, நோயும் இல்லை, திரும்பி வந்த கதையும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஒருவகையில் உண்மைதான்; முழுமையாகப் பார்த்தால் அது உண்மையன்று. படை மரிபா வரை முன்னேறியது என்று எழுதிய உளி, மரிபாவைப் பிடித்ததா என்ற இடத்தில் வாய்மூடிக்கொண்டது.

இரண்டாவது, ஸ்ட்ராபோவின் கூற்று. தோல்வியை அவர் மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பொறுப்பு முழுவதையும் ஸில்லையஸின் தலையில் சுமத்துகிறார். தரைவழி இல்லையென்று பொய் சொன்னான். வேண்டுமென்றே சுற்றுவழியில் நடத்தினான். ரோமரைக் கொண்டு அந்நாட்டின் நகரங்களை அழித்து, பின்பு ரோமரும் பசியாலும் பிணியாலும் அழிந்ததும் தானே தலைவனாகத் திட்டமிட்டான் என்கிறார். போரில் ரோமர் எழுவரே இறந்தனர், மற்றவர்களைக் கொன்றவை நோயும் களைப்பும் பசியும் கெட்ட வழியும்தாம் என்றும், அதற்குரிய தண்டனையை ஸில்லையஸ் ரோமில் தலையிழந்து பெற்றான் என்றும் முடிக்கிறார்.

மூன்றாவது, சுமார் 200 ஆண்டுகளுக்குப் பின் எழுதிய காஸியஸ் டியோ என்னும் வரலாற்றாசிரியரின் கூற்று. பாலையும் வெயிலும் நீரின் தன்மையும் படையை வருத்தின. பெரும்பகுதியினர் நோயால் மாண்டனர். அந்நோயையே துணையாகக் கொண்டு அந்நாட்டார் தாக்கி, இழந்த இடங்களை மீட்டு, எஞ்சியோரைத் துரத்தினர் என்பது அவர் எழுதுவது. ஸில்லையஸ் என்ற பெயரே அவ்விடத்தில் இல்லை.

சொன்னவரைப் பார்ப்போம்

ஸ்ட்ராபோ பொய்யர் அல்லர். தம் நண்பருக்குப் பாதகமான பல செய்திகளை, 80 வீண் கப்பல்கள் உட்பட, அவரே பதிவு செய்திருக்கிறார். அவருடைய நூல் இன்றேல் இப்படையெடுப்பைப் பற்றி நாம் அறிவது சில வரிகளே. எனினும் ஈலியஸ் காலஸைத் தம் நண்பரென்றும் தோழரென்றும் அவரே தம் நூலில் வேறோரிடத்தில் எழுதுகிறார். காலஸோடு சேர்ந்து நைல் நதியில் எகிப்தின் தென்னெல்லை வரை பயணம் செய்தவர் அவர். அரபுப் பாலைக்கு அவர் சென்றதற்குச் சான்றில்லை. அச்செய்திகள் காலஸ் வாயிலாகவே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

நட்பு ஒன்றே ஒருவரின் சாட்சியத்தைத் தள்ளிவிடாது. ஆனால் பொதுவாக நம்பத்தக்க ராவியாயினும், தம் சார்பை வலுப்படுத்தும் செய்தியை அவர் சொல்லும்போது தனியே நிறுத்திப் பார்க்கவேண்டும் என்பது முஹத்திஸ்களின் வழக்கம். ஸ்ட்ராபோவிடம் நாம் நிறுத்திப் பார்க்கவேண்டிய இடம், நண்பரின் தோல்விக்கு மூன்றாமவரைக் காரணமாக்கும் இடமே.

எண்களையும் பார்க்கவேண்டும். 10,000 பேர் கொண்ட படை ஒரே போரில் 10,000 பேரைக் கொன்று தன்னில் இருவரை மட்டுமே இழந்தது என்பது எளிதில் ஏற்கக்கூடியதன்று. மாண்ட பகைவரை நின்று எண்ணியவர் யார்? அறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவின் தொடக்கத்தில் இத்தகைய எண்களைப் பற்றியே எச்சரிக்கிறார். அவர் நம்மவரையும் விட்டுவைக்கவில்லை. யமன் நாட்டுத் துப்பஃ மன்னர்கள் மேற்கே ஆப்பிரிக்கா வரையும் கிழக்கே துருக்கியர் நாடு வரையும் படையெடுத்துச் சென்றார்கள் என்று நம் வரலாற்று நூல்களில் இருந்த கதைகளை எடுத்து, அத்தனை தொலைவுக்கு உணவும் தீவனமும் எப்படிக் கிடைத்திருக்கும் என்று கேட்டே அவற்றைத் தள்ளினார். ரோமரின் எண்ணை ஐயுறுவோர் நம் முன்னோரின் எண்ணையும் அவ்வாறே ஐயுறவேண்டும். தராசு ஒன்றுதான் இருக்கவேண்டும்.

இனி, ஸில்லையஸின் மீதான குற்றச்சாட்டுக்கு வருவோம். ஆறு மாதத்துக்கும் 60 நாளுக்கும் உள்ள வேற்றுமையே அவருக்கு எதிரான பெருஞ்சான்று. தரைவழியாகப் பெத்ராவிலிருந்து லியூகே கோமேக்குப் படையளவு பெரிய காபிலாக்கள் போய்வந்தன என்று ஸ்ட்ராபோ சொல்வதும் வலுவான சான்றே. மணப்பொருள் வணிகம் ரோமர் கைக்கு நேரே போனால் நபத்தீயரின் பிழைப்புக் கெடும் என்பதால், வஞ்சிப்பதற்கு ஒரு காரணமும் இருந்தது. இவற்றை நாம் மறைக்கலாகாது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. போகும் வழிக்கு ஸ்ட்ராபோ பிரித்துக் காட்டும் நாட்களைக் கூட்டினால் முற்றுகை உட்பட 100 நாள்கூட ஆகவில்லை. எஞ்சிய நாட்களை வழி விழுங்கியதா, ஊர்களைப் பிடித்து உணவு சேர்ப்பதில் கழிந்ததா என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. திரும்பும்போது முற்றுகையும் இல்லை, அறியாத வழியும் இல்லை. உயிர் பிழைக்க ஓடும் படை விரைந்தே நடக்கும். இறங்கிய துறைமுகத்திலேயே நோய் தொடங்கிவிட்டது. பயனற்ற போர்க்கப்பல்களைக் கட்டியது காலஸ். அவருடைய படை அரபு நாட்டில் இருந்த வேளையில் எகிப்தில் காவல் குறைந்ததைக் கண்டு, எத்தியோப்பியர் தென்னெல்லை நகரங்களைத் தாக்கி அகஸ்டஸின் சிலைகளைப் பெயர்த்துச் சென்றனர். அத்தகைய சிலை ஒன்றின் வெண்கலத் தலை 1910இல் சூடானின் மெரோயில் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டது. இப்பிழைகளில் எதற்கும் வழிகாட்டியைப் பொறுப்பாக்க முடியாது. மேலும், ஸில்லையஸ் தம் 1,000 ஆட்களோடு அதே பாலையில்தான் நடந்தார்.

தலையிழந்தது எதற்காக?

தண்டனையைப் பற்றிய செய்தியே யாவற்றிலும் முக்கியமானது. ஸ்ட்ராபோவைப் படிப்பவர், ஸில்லையஸ் இந்த வஞ்சகத்துக்காகவே கொல்லப்பட்டார் என்று எண்ணுவர். ஆனால் அவர் தண்டிக்கப்பட்டது ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்குப் பிறகு. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் அவர் நபத்தீய அமைச்சராகவே இருந்தார். ஹெரோதின் தங்கையை மணம் பேசும் அளவுக்கு மதிப்போடு வாழ்ந்தார். மிலேத்தஸ் நகரில் தம் அரசரின் நலத்துக்காகத் துஷ்ஷரா என்னும் தெய்வத்துக்கு அவர் வைத்த காணிக்கைக் கல்வெட்டு கிடைத்துள்ளது. கிரேக்கத்தோடு, நம் அரபு எழுத்துக்குத் தாயான நபத்தீய எழுத்தும் அதில் இருக்கிறது.

யூத வரலாற்றாசிரியர் ஜோஸீஃபஸ் அவருடைய முடிவை விரிவாக எழுதியுள்ளார். ஹெரோதுக்கும் ஸில்லையஸுக்கும் எல்லைத் தகராறும் கடன் தகராறும் மூண்டன. ஸில்லையஸ் முந்திக்கொண்டு ரோமுக்குச் சென்று அகஸ்டஸிடம் முறையிட்டார். அகஸ்டஸ் அவர் சொல்லை மட்டுமே கேட்டு, ஹெரோதின் தூதர்களுக்குச் செவிசாய்க்க மறுத்து, ஹெரோதுக்குக் கடுமையான மடல் எழுதினார். தம் படையை வஞ்சித்தவர் என்று ஸில்லையஸைக் கருதியிருந்தால் பேரரசர் இவ்வாறு நம்பியிருப்பாரா? பின்னர் ஹெரோதின் தூதரான டமாஸ்கஸ் நிகோலாஸ் வாய்ப்புப் பெற்று மறுபக்கத்தை எடுத்துரைத்தபோது, ஸில்லையஸ் சொல்லாமல் மறைத்தவை வெளிப்பட்டன, தீர்ப்பு மாறியது. கடன், கொலை, சூழ்ச்சி என அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களை ஜோஸீஃபஸ் அடுக்குகிறார். ஸபா படையெடுப்பு அப்பட்டியலில் இல்லை.

ஸில்லையஸ் நல்லவர் என்று நாம் வாதிடவில்லை. ஒருதலை முறையீட்டால் அவர் ஹெரோதை வீழ்த்த முயன்றார். மறுதலை கேட்கப்பட்டதும் தாமே வீழ்ந்தார். ஆனால் பாலையில் நடந்ததைப் பற்றி மட்டும் அவருடைய மறுதலை எங்கும் பதிவாகவில்லை. பதிவானதெல்லாம் தோற்ற தளபதியின் தோழருடைய எழுத்து ஒன்றே.

நமக்கென்ன?

அத்ரூலா என்று ரோமர் சொன்ன நகரின் இடிபாடுகள் யமனில் பராகிஷ் என்னும் பெயரோடு நிற்கின்றன. அங்கே இலத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறித்த கல்லறைக் கல் ஒன்று கிடைத்தது. பூப்ளியஸ் கொர்னீலியஸ் என்னும் குதிரை வீரனின் பெயர் அதில் இருக்கிறது. காலஸின் படையைச் சேர்ந்தவன் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். வாளால் மாண்டானா, தாகத்தால் மாண்டானா என்று கல் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கில் மாண்டவருள் பெயரோடு எஞ்சியவன் அவன் ஒருவனே. நஜ்ரானிலும் ஆற்றங்கரையிலும் வீழ்ந்த அரபிகளுக்கு அதுவும் இல்லை. பேரரசருக்குக் கோயிற்சுவர் கிடைத்தது. தளபதிக்கு நண்பரின் நூல் கிடைத்தது. பழி வழிகாட்டிக்குக் கிடைத்தது.

ரோமர் மீண்டும் அத்தகைய பெரும்படையை ஸபாவுக்கு அனுப்பவில்லை. கடல்வழியே அவர்களுக்கு வாய்த்தது. காலஸின் காலத்திலேயே எகிப்தின் ஒரு துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவை நோக்கிச் சென்றதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். நம் கோவை வட்டாரத்து மண்ணில் கிடைத்த அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள் அவ்வணிகத்தின் எச்சங்கள். படை பெறாததைப் பருவக்காற்று பெற்றுத் தந்தது.

இந்த வரலாற்றை நாம் எடுத்து எழுதியது, பழைய ரோமரைப் பழிக்கவும் அன்று, அரபி என்பதற்காக ஒருவரை விடுவிக்கவும் அன்று. அலீ (ரலி) அவர்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காழியாக அனுப்பியபோது, வழக்காளிகள் இருவர் முன்வந்தால் இரண்டாமவரின் சொல்லையும் கேட்கும்வரை தீர்ப்புக் கூறவேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள் என அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் வந்திருக்கிறது. அவர்கள் அனுப்பப்பட்ட நாடு யமன். ரோமர் படை தாகத்தோடு திரும்பிய அதே யமன்தான்.

நம் ஊர்களில் ஒரு வணிகம் நொடித்தாலும், ஒரு திருமணம் முறிந்தாலும், ஒரு ஜமாஅத்தில் பிளவு வந்தாலும் உடனே ஒரு பெயர் சொல்லப்படுகிறது. அப்பெயருக்குரியவர் பெரும்பாலும் அவையில் இருப்பதில்லை. சொன்னவர் நல்லவர் என்பதாலேயே நாம் நம்பிவிடுகிறோம். ஸ்ட்ராபோவும் நல்லவர்தான். நல்லவரின் நாவிலிருந்தே ஒருவர்மீது இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பழி நிலைத்துவிடக்கூடும் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். இல்லாதவரின் பெயர் அடிபடும்போது, அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு முறை கேட்கும் துணிவை அல்லாஹ் நமக்கும் அவர்களுக்கும் அருள்வானாக.